முப்பத்தொன்றாம் குறிப்பு: விடைபெறும் விதம்

1. பொறுப்பு வந்த விதம்

பெரு என்ற நாடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்டுக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டுக் குறிப்பு எழுதும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

நாடு விடுதலை அடைந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். மண்டபத்தில் ஒரு மீன்பிடிப் பயிற்சித் திட்டத்தின் ஆபீசில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். ஆபீசின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் நடந்த தப்பு என்னுடையது. அதற்குப் பாவம் ஆபீஸ் என்ன செய்யும்?

நம் கடற்கரையிலிருந்து நான்கு மீனவர்களைப் பெரு நாட்டுக்கு அனுப்பி, இன்ஜின் படகு ஓட்டவும் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் பெரிய வலையைப் போடவும் கற்றுவரச் செய்வதுதான் திட்டம். ஒரு வருஷப் பயிற்சி. திரும்பி வந்ததும் நால்வரில் சிறந்தவருக்குத் திட்டத்தின் முதல் இன்ஜின் படகைக் கொடுப்பார்கள். அவர்தான் அதன் டிரைவர். கூட யார் யாரை ஏற்றிக்கொள்வது என்பதும் அவர் இஷ்டம்.

டெல்லியிலிருந்து ஓர் இங்கிலீஷ் கையேடு வந்து சேர்ந்தது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளுக்குப் பயணம் போகும் வெளிநாட்டவர் அறிய வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன. எங்கள் அதிகாரி நரசிம்மன் அதை என் மேஜையில் வைத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கையில் எப்போதும் சிவப்புப் பென்சில். தமிழில் சுருக்கி, நாற்பது குறிப்பாக, வலைக்காரனுக்குப் புரிகிற மாதிரி எழுதி, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். ஒரு வாரம் தவணை.

கையேட்டைப் புரட்டினேன். இசை நாடகம் பார்க்கப் போகும்போது கறுப்புக் கோட்டு அணிய வேண்டும். ஹோட்டலில் பெட்டி தூக்குகிறவருக்கு இனாம் கொடுக்க வேண்டும். குதிரைப் பந்தயத்துக்குப் பெண்கள் தொப்பியோடு வர வேண்டும். தங்கச்சிமடத்திலிருந்து போகிற ஆளுக்கு இதில் எது உதவும் என்று பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானோ மதுரையைத் தாண்டாதவன். அதுவரை நான் ஏறியிருந்த பெரிய கப்பல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் போகும் கப்பல்தான். அதுவும் அது கரையில் கட்டிக் கிடந்தபோது, ஒரு உறவினரின் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கியதோடு சரி.

2. காசிம் பாயின் ஸ்பானிய மொழி

மண்டபம் ஸ்டேஷனுக்கு வெளியே காசிம் பாய் டீக்கடை வைத்திருந்தார். கீழக்கரைக்காரர். கொழும்பிலிருந்து கிளம்பும் சரக்குக் கப்பல்களில் பதினெட்டு வருஷம் சமையல்காரராக இருந்தவர். ஸ்பானிய மொழி பேசும் துறைமுகம் ஒன்றைக்கூட விட்டுவைத்ததில்லை என்று சொல்வார். பெருவுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். போனதில்லை, ஆனால் பாஷை ஒன்றுதான் என்றார். வேறு வழியில்லாததால் நம்பினேன்.

ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மூன்று சாயங்காலம் அவரிடம் உட்கார்ந்தேன். மேஜைக்கு அவர்கள் மேசா என்பார்களாம். செருப்புக்குச் சபாத்தோ. நம் கடற்கரையில் சப்பாத்து என்கிறோமே, அதுவேதான். சமையல் அறைக்குக் கொசினா. தங்கச்சிமடத்து வீடுகளில் குசினி என்றுதானே சொல்கிறார்கள். சட்டைக்குக் கமீசா. அரிசிக்கு அரோஸ். எழுத எழுத எனக்குத் தைரியம் வந்தது. பெரு நாடு பாம்பனுக்கு அடுத்த ஸ்டேஷன்தான் என்று தோன்ற ஆரம்பித்தது.

கப்பல் சமையல்காரரின் ஸ்பானிய மொழிக்கு ஒரு குணம் உண்டு. சாப்பாடு, வசவு, காதல் மூன்றுக்கும் அதில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. பிந்திய இரண்டையும் நான் எழுதிக்கொள்ளவில்லை. பாய்க்கு அதில் வருத்தம்தான். அவசரத்துக்கு உதவும் என்றார்.

குறிப்புகளைப் பழைய கையேட்டைவிட நன்றாகவே எழுதினேன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஏழாம் குறிப்பு: ‘இங்கே வெயில் கொளுத்தும் மாதத்தில் அங்கே குளிரும், கம்பளி கொண்டுபோகவும்.’ பன்னிரண்டு: ‘மத்தியானம் சாப்பிட்டதும் ஊரே தூங்கும். அப்போது கதவைத் தட்டினால் பகைத்துக்கொள்வார்கள்.’ பதினாலு: ‘சரி என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். அவர்கள் அதை மாட்டேன் என்று எடுத்துக்கொள்வார்கள். தலையை மேலும் கீழும் ஆட்டப் பழகவும்.’

கிளம்பும் முன் ஆபீசில் சில நாள் ஒத்திகை நடந்தது; ஒன்பதாம் குறிப்புதான் அதில் சிரிப்பை உண்டாக்கியது. ஆமாம் என்பதற்கு அவர்கள் ‘சீ’ என்பார்கள். திட்டுவதாக எண்ணிச் சண்டைக்குப் போக வேண்டாம் என்று எழுதியிருந்தேன். நால்வரையும் வரிசையாக நிற்க வைத்து, அதிகாரியே பெரு நாட்டுக் குடியேற்ற அதிகாரியாக நடித்தார். இவர்கள் பெயரைச் சொன்னார்கள். அவர் ‘சீ’ என்றார். ஊரைச் சொன்னார்கள். ‘சீ, சீ’ என்றார். குறிப்பைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள், ஆனாலும் மூன்று பேர் முகம் செத்துப்போயிற்று. நாலாவது ஆள்தான் சிரித்துக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டினார். அவர் பெயர் மிக்கேல்.

3. மிக்கேல்

மிக்கேலுக்கு முப்பது வயது இருக்கும். தங்கச்சிமடத்துக்காரர். பேச்சு குறைவு, மரியாதை ஜாஸ்தி. ஒத்திகை முடிந்ததும் மற்ற மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். மிக்கேல் மட்டும் ஒவ்வொரு மேஜையாக வருவார். அதிகாரியிடம், என்னிடம், கணக்குப் பிள்ளையிடம், கடைசியில் வாசலில் நிற்கும் பியூன் அழகுவிடம், “போயிட்டு வாரேன்” என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். இதற்காக இரண்டு தடவை ரயிலை விட்டிருக்கிறார்.

4. முப்பத்தொன்று

முப்பத்தொன்றாம் குறிப்பு விடைபெறுவதைப் பற்றியது. கையேட்டில் ‘ஆதியோஸ்’ என்ற ஒரே சொல் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று காசிம் பாயிடம் கேட்டேன்.

“ஆண்டவன்கிட்டங்கிறது அர்த்தம் தம்பி. அல்லாகிட்ட ஒப்படைச்சேன்னு நாம சொல்ற மாதிரி.”

எழுதப் போனவன் நிறுத்திக்கொண்டேன். ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார் என்று நம் கடற்கரையில் யாரைப் பற்றிச் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கடலுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்காத ஊர் இது. வீட்டில் ‘போறேன்’ என்று தனியாகச் சொன்னால் அம்மா வாயைப் பொத்துவாள். போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் விடியற்காலையில் படகேறப் போகும் மனுஷன் வாயில் ‘ஆண்டவரிடம்’ என்ற சொல்லை நானே எழுதிக் கொடுப்பதா? கை வரவில்லை.

‘போயிட்டு வாரேன்’ என்பதை அப்படியே ஸ்பானிய மொழியில் எப்படிச் சொல்வது என்று பாயிடம் கேட்டேன். அவர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே யோசித்தார். போகிறேன் என்பதற்கு அவர்கள் ‘போய்’ என்பார்கள் என்றார். நான் கேலி என்று நினைத்தேன். கேலி இல்லையாம். ‘போய்’ என்றால் போகிறேன். ‘இ’ என்றால் மற்றும். ‘புவெல்போ’ என்றால் திரும்பி வருகிறேன்.

“போய் இ புவெல்போ. சொல்லிப் பாருங்க. நம்ம போய் வாரேன் மாதிரியே இல்ல?”

எனக்குப் புல்லரித்தது. இரண்டு பாஷையிலும் போவதற்குப் ‘போய்’தான். இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையுமா? இப்படிச் சொன்னால் அவர்களுக்குப் புரியுமா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். நல்லாப் புரியும் என்றார் பாய். ஆதியோசை எடுத்துவிட்டேன். ஸ்டென்சிலில் இப்படி வெட்டினேன்: ‘31. விடைபெறும்போது ‘போய் இ புவெல்போ’ என்று மரியாதையாகச் சொல்லவும்.’ ஆபீசில் யாரிடமும் கேட்கவில்லை, ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதவில்லை. அதிகாரி நாற்பது குறிப்பையும் படித்துப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் ‘நன்று’ என்று எழுதினார். மாதிரிக்கு ஒரு பிரதி சென்னை ஆபீசுக்கும் போயிற்று. என் வேலை நிரந்தரமாவதற்கு அவர் எழுதிய சிபாரிசில் இந்த நாற்பது குறிப்பைப் பற்றி ஒரு வரி சேர்ந்திருந்தது.

நால்வரும் தனுஷ்கோடியில் கப்பல் ஏறிக் கொழும்பு வழியாகப் புறப்பட்டார்கள். மிக்கேல் கப்பல்துறையில் நின்ற சுங்கக்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டுதான் போனார்.

5. புகார்

அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் கழித்துப் பெருவிலிருந்து ஒரு நீளமான உறை வந்தது. தபாலைப் பிரிப்பதும் என் வேலைதான். அங்கிருந்த பயிற்சி அதிகாரி இங்கிலீஷில் எழுதியிருந்தார். மூன்று பேரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. நாலாவது ஆளான மிக்கேலுக்குக் கடல் அறிவு மிகவும் நன்று, வலை வேலை அதைவிட நன்று. ஆனால் இவரை வைத்துக்கொள்ள முடியாது, இவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் அல்ல.

மூன்று சம்பவம் எழுதியிருந்தார். ஒருநாள் படகு கிளம்பும் சமயத்தில் மிக்கேலுக்கு வாந்தி. வைத்தியரிடம் போகிறேன், திரும்பி வருவேன் என்று சொல்லி இறங்கினார். படகுத் தலைவர் அவருக்காகக் காத்திருந்தார். கண்ணெதிரே கிடந்த மீன் கூட்டம் கலைந்து போனது. இவர் வரவே இல்லை. விடுதியில் படுத்துத் தூங்கியிருக்கிறார். இன்னொரு நாள் படகுத் தலைவர் வீட்டு ஞானஸ்நான விருந்து. பாதியில் எழுந்து, திரும்பி வருவதாகச் சொல்லிப் போனார். அவருக்காக விருந்தை நிறுத்தி வைத்து, ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். மூன்றாவது, அவர் தங்கியிருக்கும் விடுதிக்கார எலேனா அம்மாள் சொன்னது. தினமும் சாப்பிட்டுவிட்டு மாடியறைக்குப் போகும்போது வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஒருநாளும் இறங்கி வந்ததில்லை. இப்படிப்பட்டவரை நம்பி ஒரு படகைக் கொடுக்க முடியாது. நீங்கள் சம்மதித்தால் அடுத்த கப்பலில் அனுப்பிவிடுகிறோம், ஒரு மாதத்துக்குள் பதில் எழுதவும்.

அதிகாரி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மரியாதைக்காரன் என்று நினைத்தோமே என்றார். அன்றே பதில் எழுதி, திருப்பி அனுப்பச் சம்மதம் என்று நகல் போட்டு, சாயங்காலத் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

நான் மிஷினில் காகிதத்தைச் செருகினேன். எனக்கும் மிக்கேல் மேல் கோபம்தான். முப்பத்தொன்றாம் குறிப்பு என் மனசில் தட்டவே இல்லை. புகார் இங்கிலீஷில் இருந்தது, நான் எழுதியது தமிழ் எழுத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு முடிச்சு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

6. நாற்காலி

பாதிக் கடிதம் அடித்திருக்கும்போது மிக்கேலின் மனைவி ரோசம்மா வந்தாள். கூடப் போன ஒருவர் தம் வீட்டுக்கு எழுதிய காகிதத்தில் விஷயம் ஊருக்குள் வந்துவிட்டதாம். ஆபீஸ் கடிதத்தை வெளியாளுக்குச் சொல்லக் கூடாது. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்து அழகுவை நாற்காலி போடச் சொன்னேன். மூன்று சம்பவத்தையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. என் மேல்தான் பாய்ந்தாள்.

“அவுக பேச்சுத் தவறுற ஆளில்ல சார். இன்ன நேரத்துக்கு வாரேன்னா காத்து எதுக்க அடிச்சாலும் கரையில வந்து நிப்பாக. இங்கன யாரை வேணாலும் கேளுங்க.”

எழுதியிருப்பது அந்த நாட்டு அதிகாரி, நான் இல்லை என்றேன். அதற்கு அவள் சொன்னதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

“கடல்ல போயி நோவு வந்து திரும்புனா ஊரு பாவம்னு சொல்லும். பேச்சுத் தவறுனவன்னு திருப்பி அனுப்புனா அவுக படகுல எவன் சார் ஏறுவான்? எங்கூடப் பெறந்தவனே ஏற மாட்டான். இஞ்சின் படகு கெடக்கட்டும். இருக்கிற வள்ளத்துக்கே ஆள் கிடைக்காது.”

மேலிடத்து முடிவு, நான் டைப் அடிக்கிறவன் என்று முணுமுணுத்தேன். அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். கோபம் தணியவில்லை. ஆனாலும் வாசலில் திரும்பி, “போயிட்டு வாரேன் சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அழகு அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டுவிட்டு பீடி பற்றவைக்கப் போனான்.

நான் மிஷினில் கை வைத்தேன். அடுத்த எழுத்தை அடிக்க முடியவில்லை. அவள் வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். அழகு நாற்காலியை எடுத்துவிட்டான். அவள் திரும்பி வரமாட்டாள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெருவில் போகும் நாய்க்கும் தெரியும். பெருவில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியாது. அவர்கள் நாற்காலியை எடுக்காமல் காத்திருந்திருக்கிறார்கள்.

முப்பத்தொன்று. பயிற்சி அதிகாரி எழுதிய மூன்று சம்பவத்தையும் மறுபடி படித்தேன். வாந்தியோடு இறங்கியபோதும் மிக்கேல் மரியாதையாக விடைபெற்றிருக்கிறார். விருந்திலும் அப்படியே. தினமும் படுக்கப் போகும்போதும் அப்படியே. மற்ற மூவர் பேரில் புகார் இல்லாததற்குக் காரணமும் புரிந்தது. அவர்கள் வழக்கம்போலச் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போயிருப்பார்கள். நால்வரில் என் குறிப்பை மதித்து நடந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் திருப்பி அனுப்ப டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

உடனே எழுந்து அதிகாரியிடம் ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் நிரந்தர உத்தரவு சென்னையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கையேட்டில் இருந்த சொல்லை நான் மாற்றியது காசிம் பாய்க்கு மட்டும்தான் தெரியும். அவரும் டீ ஆற்றுவதில் மும்முரமாக இருப்பார். அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

7. மெமோ

அடித்த பாதிக் கடிதத்தை உருவிக்கொண்டு உள்ளே போனேன். விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார்.

“யாரைக் கேட்டு மாத்தினீர்?”

யாரையும் கேட்கவில்லை என்றேன்.

“காரணம்?”

“அபசகுனமாப் பட்டுச்சு சார்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. தினமும் எலேனா அம்மாள் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலில் தந்தி கொடும் என்றார். ‘மிக்கேலை அனுப்ப வேண்டாம், விளக்கம் தபாலில்’ என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். தபாலாபீசுக்கு ஓடி அனுப்பிவிட்டு வந்தேன்.

விளக்கம் எழுதுவதுதான் பெரிய பாடாகிவிட்டது. ‘மேற்படி மிக்கேல் திரும்பி வருவேன் என்று சொன்னது, திரும்பி வருவேன் என்ற பொருளில் அல்ல’ என்று முதல் நகல். இதில் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? ‘எங்கள் நாட்டில் எல்லோரும் வருவேன் என்று சொல்வார்கள், வரமாட்டார்கள்’ என்று இரண்டாவது. இது புகாரை நாடு முழுவதற்கும் பரப்புகிறது என்று அவரே கிழித்தார். ஐந்தாவது நகலில்தான் வழி கிடைத்தது. போகிறேன் என்று மட்டும் சொன்னால் ஒரேயடியாகப் போவது போலாகும், அதனால் எங்கள் ஊரில் அப்படிச் சொல்லப் பயப்படுவோம், மறுபடி பார்க்க வேண்டும் என்ற ஆசையை வாக்குப் போலச் சொல்லிவிட்டுப் போவோம், கடலோரத்தில் இந்தப் பயம் இன்னும் அதிகம் என்று எழுதினோம். சொல்லை மாற்றியவர் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட், மிக்கேல் மேல் தவறில்லை என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியையும் நானே டைப் அடித்தேன்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் சொன்னார்.

“உமக்கு மெமோ கொடுக்காம விட்டா எனக்கு மெமோ வரும். தப்பா நினைக்காதேயும். போயிட்டு...”

அங்கேயே நிறுத்தி, யோசித்து, “போம்” என்றார்.

மெமோ வந்தது. மேலதிகாரி அனுமதியின்றிச் சர்க்கார் குறிப்பில் சொல்லை மாற்றியதற்குச் சமாதானம் கேட்டிருந்தார்கள். அபசகுனம் என்று தோன்றியதால் மாற்றினேன் என்று உண்மையை எழுதினேன். சென்னை ஆபீசில் இதை எந்த விதியின் கீழ் வைப்பது என்று நாலு மாதம் யோசித்தார்கள். என் வேலை நிரந்தரமாக இன்னொரு வருஷம் ஆயிற்று. காசிம் பாயிடம் போய்ச் சண்டை போட்டேன். நல்லாப் புரியும் என்றுதானே சொன்னேன், புரியாமலா போயிற்று என்று கேட்டுவிட்டு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வந்தேன்.

8. திருத்திய பிரதி

பெருவிலிருந்து பதில் வந்தது. மிக்கேலைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். அவருக்காகப் படகு காத்திருந்தது, விருந்து காத்திருந்தது எதுவுமே அவருக்குத் தெரியாது. பொய் சொல்கிறவனிடம் என்ன கேட்பது என்று அவர்கள் பேச்சைக் குறைத்திருக்கிறார்கள். கறுப்புத் தோலைக் கண்டு ஒதுக்குகிறார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டு ஐந்து மாதம் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார். ஏன் என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று இருந்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. மெமோவுக்குக்கூட வரவில்லை.

பயிற்சி தொடர்ந்தது. அடுத்த ஆண்டு குழு கிளம்பும் முன் குறிப்பைத் திருத்தினேன். முப்பத்தொன்றில் ஆதியோசைத் திரும்பப் போட்டேன். சொல்ல மனம் ஒப்பாதவர்கள் முதல் நாளே நம் வழக்கத்தை அங்குள்ளவர்களுக்கு விளக்கிவிட வேண்டும் என்றும் சேர்த்தேன். இப்போது ஆபீசுகளில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு சொல் உங்கள் காதுக்கு உறுத்தினால் மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றினேன், இதனால் மாற்றினேன் என்று ஓரத்தில் எழுதுங்கள். நான் ஒரு வரி எழுதாததற்கு வேறொருவர் ஐந்து மாதம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

வருஷம் முடிந்து நால்வரும் வந்து சேர்ந்தார்கள். முதல் இன்ஜின் படகு மிக்கேலுக்குத்தான் கிடைத்தது. ரோசம்மாவின் தம்பிதான் முதல் ஆளாக அதில் ஏறினான். படகை வாங்கிக்கொள்ள வந்த அன்று மிக்கேல் என் மேஜைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்கவிடவில்லை. பெருவில் கடைசி நாள் நடந்ததைச் சொன்னார்.

பெட்டியோடு எலேனா அம்மாள் முன்னால் போய் நின்றாராம். ஆதியோஸ் என்று சொல்ல வேண்டும் என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார். வாய் வரவில்லை. பழைய சொல்லைச் சொன்னால் பொய். பெட்டியைக் கீழே வைத்துவிட்டாராம்.

“அந்தம்மா எங்கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிச்சு சார். ‘நான் விடுதி நடத்துறவ. இந்த வாசல்ல ஆதியோஸ் சொன்னவுகளை எண்ண முடியாது. நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும். உங்க ஊருச் சொல்லையே சொல்லிட்டுப் போ’ன்னுச்சு.”

சொன்னீரா என்று கேட்டேன்.

“சொன்னேன் சார். அந்தம்மா சீ, சீன்னு தலையை ஆட்டிக்கிட்டே அழுதுச்சு.”